சீர்ப் பெட்டியில் வைக்காத டப்பா

ஜனவரி 8

கோதை 41 கிலோ 300. போன மாதமும் இதேதான். எங்கள் மண்டியில் ஒரு எலுமிச்சைச் சிப்பமே ஐம்பது கிலோ நிற்கும். இருபத்து நான்கு வயதாகும் என் மகள் ஒரு சிப்பத்துக்குக்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டியில் ஆள் இருக்காது என்பதால் அவளைக் கூட்டிப் போய்த் தராசில் நிறுத்திப் பார்க்கிறேன். முப்பது வருடமாகப் புளியங்குடியில் எடை போடுகிறவன் நான். கண்ணால் பார்த்தே கால் கிலோ முன்னே பின்னே சொல்லிவிடுவேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் அந்த வித்தை தெரிந்திருக்கிறது.

டிசம்பரில் வந்த தென்காசிக்காரர்கள் காப்பி குடிக்கும் வரை நன்றாகத்தான் பேசினார்கள். அறைக்குள் கோதைக்கு மூச்சிளைப்பு வந்துவிட்டது. டாக்டர் கொடுத்த பம்பை வாயில் வைத்து அவள் அடித்த சத்தம் கூடம் வரை கேட்டது. டம்ளரைக் கீழே வைத்தவர்கள்தான், அதற்கப்புறம் ஒரு போன்கூட இல்லை. அன்றைக்கே அந்தப் பம்பைப் பரணில் தூக்கிப் போட்டேன். என் மனைவி ஆவுடை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வீட்டில் சத்தம் குறையும் என்று பார்த்தால், அவளுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசின.

ஜனவரி 22

மேற்கே மலையடிவாரத்தில் ஒரு பொடி வைத்தியர் இருக்கிறார் என்று லாரி டிரைவர் ஒருவர் சொன்னார். இன்று கோதையைக் கூட்டிப் போனேன். நல்ல கூட்டம். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு எவர்சில்வர் டப்பா நிறையப் பொடி கொடுத்தார். காலையிலும் ராத்திரியும் கால் ஸ்பூன், தேனில் குழைத்து.

"நான் சொல்லாம நிப்பாட்டக் கூடாது, கேட்டியளா? ஒருநாள்கூட விடக் கூடாது" என்று மூன்று தடவை சொன்னார்.

வியாபாரப் பேச்சு. எங்கள் மண்டியிலும் நாளைக்கு வந்தால் சரக்கு கிடைக்காது என்று சொல்லித்தான் தலையில் கட்டுவார்கள். நக்கிப் பார்த்தேன். சுக்கு வாசனை, திப்பிலி வாசனை எல்லாம் இருந்தது. அடியில் மட்டும் காய்ச்சல் மாத்திரையை நாக்கில் வைத்தால் வருமே, அந்தக் கசப்பு. மருந்து பிறகு இனிக்கவா செய்யும்.

ஜனவரி 25

இளைப்பு நின்றுவிட்டது. மூன்றே நாள். இருபது வருடமாக டாக்டர்களால் ஆகாதது.

பிப்ரவரி 19

45 கிலோ 800. காலையில் ஒன்பது இட்லி சாப்பிட்டாள். நான் எண்ணவில்லை, ஆவுடைதான் எண்ணிச் சொன்னாள். சாப்பிடாத காலத்தில் சாப்பிடவில்லையே என்று அழுதவள், இப்போது சாப்பிடுகிறாளே என்று முழிக்கிறாள்.

மார்ச் 12

50 கிலோ 150. ஒரு முழுச் சிப்பம்! தராசிலிருந்து இறங்கவிடாமல் இன்னொரு தடவை பார்த்தேன். கன்னம் பூரித்து முகம் வட்டமாகி, நிறம்கூடச் சிவந்திருக்கிறது. நேரே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய் போட்டோ எடுத்தேன். பழைய போட்டோக்களைத் தரகரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். சந்தோஷமாக இருக்கிறது. இதை எழுதுவதற்கு வெட்கம் என்ன.

ஏப்ரல் 9

54 கிலோ 900.

ஆவுடை இன்று ஒரு பட்டியலே வாசித்தாள்.

"மூஞ்சியும் வயிறுந்தான் ஊதுது. கை காலைப் பாருங்க, குச்சியாத்தான இருக்கு. வயித்துல செவப்புச் செவப்பா கோடு விழுந்திருக்கு. லேசா இடிச்சாலே கன்னிப் போவுது. தரையில உக்காந்தா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கா. மேலுதட்டுல முடி வேற."

"கஸ்தூரி மஞ்சள் போடச் சொல்லு."

"மூணு மாசமா அவ தூரமாகல."

"இதையெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்லுத?"

"வேற யாருகிட்டச் சொல்ல?"

எழுந்து வந்துவிட்டேன். சதை போட்டால் கோடு விழும்தான். இவளுக்கே கோதையைப் பெற்றபோது விழுந்ததுதானே. நல்லது நடக்கும்போது அதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஆவுடைக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

மே 7

ராஜபாளையத்திலிருந்து வந்து பார்த்துப் பூவும் வைத்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை செண்பகராமன், மில்லில் எலெக்ட்ரீஷியன். ஒரே பையன், தகப்பனார் இல்லை. அம்மா வேலம்மாள்தான் எல்லாம். அந்த அம்மாளைப் பார்த்தாலே எனக்கு வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது. தட்டு மாற்றுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நகை நட்டு உங்க இஷ்டம். பிள்ளைக்கு ஏதாவது நோய் நொடி இருந்தா இப்பமே சொல்லிருங்க. எங்க அக்கா மகனுக்கு வலிப்பு இருக்க பிள்ளையைச் சொல்லாம கட்டிவச்சிட்டாவ. அந்தப் பிள்ளை அடுப்புல விழுந்து செத்துச்சு. நோய் இருக்கது தப்பில்ல. சொல்லாம இருக்கதுதான் தப்பு."

"ஒண்ணும் கிடையாது மைனி. சந்தேகம்னா வாங்க, எங்க மண்டித் தராசுல ஏத்தியே காட்டிருதேன்" என்றேன்.

கூடமே சிரித்தது. வேலம்மாளும் சிரித்தார். கோதை சிரிக்கவில்லை. பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். வெட்கம்.

கல்யாணத்துக்கு ஜூன் 8 குறித்தாயிற்று. "அந்தத் தேதி பிள்ளைக்குத் தோதுப்படுமா" என்று வேலம்மாள் கேட்டதற்கு, "எந்தத் தேதின்னாலும் தோதுதான்" என்று ஆவுடை சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஜூன் 4

58 கிலோ 200. தராசில் ஏற மாட்டேன் என்றாள். கடைசித் தடவை என்று சொல்லி ஏற்றினேன்.

ஜூன் 7

சீர்ப் பெட்டி அடுக்கினோம். பட்டு ஐந்து, சாதாச் சேலை பதினொன்று, குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ். ஆவுடை பொடி டப்பாவை ஒரு சேலைக்குள் சுற்றி அடியில் வைத்திருந்தாள். நல்ல வேளை நான் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டில் பெட்டியை அப்படியே மூடியா வைப்பார்கள்? சொந்தக்காரப் பெண்கள் கூடி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் பரப்பிப் பார்ப்பார்கள். சேலைக்குள்ளிருந்து டப்பா விழுந்தால் என்ன பதில் சொல்வது? எடுத்து என் பீரோவில் சட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

கோதை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "யப்பா, ஒருநாள்கூட விடக் கூடாதுன்னு அவரு சொன்னாருல்லா?"

"அவருக்குச் சரக்கு விக்கணும்லாம்மா. ஆடி ஒண்ணாந்தேதி உன்னை அழைச்சிட்டு வந்துருவோம். ஒரு மாசம் இங்கதான் இருப்ப. பொடியை அப்பம் சாப்பிட்டுக்கிடலாம்."

காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். ஜூன் 8இலிருந்து ஜூலை 17 வரை முப்பத்தொன்பது நாள். புதுப் பெண்ணை ஆடியில் புருஷன் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அனுப்பித்தான் ஆக வேண்டும். இந்த வழக்கத்தை ஏற்படுத்திய பெரியவர்கள் புத்திசாலிகள்.

ஜூன் 8

கல்யாணம் நன்றாக முடிந்தது. சாம்பாரில்தான் உப்புக் குறை. என் பிள்ளையிடம் யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

ஜூன் 12

மறுவீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு நாள் இருந்துவிட்டு இன்று போனார்கள். மாப்பிள்ளை டிவி பார்க்கும்போது அடுப்படியில் வைத்துப் பொடியைக் குழைத்துக் கொடுத்தாள் ஆவுடை. கிளம்பும் சமயம் நாலு பொட்டலம் மடித்துக் கொடுக்கிறேன் என்று நின்றாள். நான் விடவில்லை. பொட்டலத்தைப் பார்த்தால் சூனியம் வைக்கிறார்கள் என்றுகூடச் சொல்வார்கள். காருக்குள்ளிருந்து கோதை என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

ஜூன் 24

கோதை போனில், "கை காலெல்லாம் ஓய்ஞ்சு வருதுப்பா. குளிச்சிட்டு வந்தா படுக்கணும் போல இருக்கு" என்றாள். புது இடம், புது வேலை. இங்கே மாதிரி எட்டு மணி வரை அங்கே தூங்க முடியுமா. பழகிவிடும் என்று சொன்னேன்.

ஜூலை 2

மாம்பழமும் எலுமிச்சையும் எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போய் வந்தேன். கோதை கதவைத் திறந்தாள். கண்ணளவில் 53. அதை எழுத மனம் வரவில்லை, 55 என்று வைத்துக்கொள்வோம்.

வேலம்மாள் காப்பி போட உள்ளே போனதும் கோதை என் பக்கத்தில் வந்தாள். "டப்பா கொண்டாந்தியளாப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எதைத் தின்னாலும் ஒங்கரிக்குது. மூட்டெல்லாம் குத்துது. நானே அத்தைகிட்டச் சொல்லிரட்டா?"

"வாயைத் திறந்திராத. இன்னும் பதினஞ்சு நாளு. பல்லைக் கடிச்சுக்கோ."

வேலம்மாள் காப்பியோடு வந்துவிட்டார். நான் மாம்பழ விலையைப் பற்றிப் பேசினேன்.

ஜூலை 11

வேலம்மாளே கூப்பிட்டார். குரலில் இப்படி ஒரு குழைவை நான் கேட்டதில்லை. "அண்ணாச்சி, இனிப்பு வாங்கி வையுங்க. உங்க மகளுக்கு நாலு நாளா ஒரே வாந்தி, மயக்கம். நாளும் தள்ளிப்போயிருக்கு. தெருவுல மருத்துவச்சி அக்கா நாடி பாத்துட்டு அதேதான்னு சொல்லிட்டாவ."

மண்டி முழுக்க லட்டு கொடுத்தேன். முதலாளி எழுந்து கை கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொன்னால் ஆவுடை கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள்.

"அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலயே வரலைங்க. நாள் தள்ளிப்போகுறதுக்கு முதல்ல நாளுன்னு ஒண்ணு இருந்திருக்கணும்லா?"

கோபத்தில் லட்டு டப்பாவை வீசிவிட்டேன். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

ஜூலை 13

மாப்பிள்ளை மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கிற அட்டை வாங்கி வந்து பார்த்தாராம். ஒரு கோடுதான் விழுந்ததாம். நாள் பத்தாது, பத்து நாள் கழித்துப் பார்க்கலாம் என்று வேலம்மாள் சொல்லியிருக்கிறார். அனுபவசாலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஜூலை 15

ஆடிக்கு அனுப்ப மாட்டார்களாம். "மூணு மாசத்துக்குப் பிள்ளையைப் பஸ்ஸு, காருன்னு குலுக்கக் கூடாது அண்ணாச்சி. இங்கயே ராணி மாதிரி வச்சிக்கிடுதேன்" என்கிறார் வேலம்மாள். சம்பந்தி வீட்டில் இப்படிக் கொண்டாடினால் எந்தத் தகப்பனும் பூரித்துப் போவான். நானும் போனில் பூரித்தேன். வைத்த பிறகு காலண்டரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். முப்பத்தொன்பதோடு நின்றுவிடும் என்று நினைத்த கணக்கு இப்போது எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை.

சரி. ஆடிச் சீர் கொண்டு போகும்போது டப்பாவையும் எடுத்துப் போய் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஜூலை 17

ஆடி ஒன்று. சீர் கொண்டு போனோம். டப்பா என் மண்டிப் பையில் இருந்தது. கோதையைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். எழுந்து கும்பிட வந்தவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கண்ணளவு போட நான் முயலவில்லை. வேலம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து ரசத்தை ஆற்றி ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தார். எட்டுப் பெண்கள் சுற்றி. ஒரு நிமிடம்கூடத் தனியாகக் கிடைக்கவில்லை.

வேலம்மாள் கேட்டார். "மசக்கைன்னா இந்தப் பாடா அண்ணாச்சி? எனக்கே பயமா இருக்கு. முன்னால இப்படி எப்பமாவது வந்திருக்கா இவளுக்கு?"

"எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு மசக்கை கடுமைதான் மைனி" என்றேன்.

ஆவுடை என் முழங்கையில் கிள்ளினாள். ரத்தம் கட்டியிருக்கிறது. டப்பாவைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஊர் வரும் வரை அவள் ஜன்னலைப் பார்த்தே வந்தாள்.

ஜூலை 20

கோதைக்குச் சளி, காய்ச்சல். மழைக் காற்று. பனங்கற்கண்டு போட்டுப் பால் கொடுக்கிறார்களாம்.

ஜூலை 22

மண்டியில் இருக்கும்போது மாப்பிள்ளை போன். காலையில் எழுப்பினால் எழவில்லை, கை கால் வெட்டி இழுத்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று. அப்படியே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். பிரஷர் இறங்கிக் கிடக்கிறது, ஏற்றுகிற மருந்து போட்டும் ஏறவில்லை. சர்க்கரை இருபத்தெட்டுதான் இருந்ததாம். கர்ப்பம் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஒரு டாக்டர் அம்மா வந்து ஏதேதோ கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ஆவுடைக்குப் போன் செய்து சாதாரணக் காய்ச்சல்தான், நீ வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வந்தால் எல்லார் முன்னாலும் எதையாவது உளறி வைப்பாள்.

ஜூலை 23

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 27

22ஆம் தேதி எழுதியது பொய். என் டைரியில் நானே பொய் எழுதிவைத்திருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுதினேன்? இப்போது உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

அந்த டாக்டர் அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னையும் மாப்பிள்ளையையும் வேலம்மாளையும் ஒன்றாக நிற்க வைத்துத்தான் கேட்டார். "உங்க பொண்ணு வேற ஏதாவது மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்களா? முகம் உப்பியிருக்கு, வயித்துல கோடு இருக்கு. மாத்திரை, லேகியம், பொடி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டாதான் என்னால சரியான ஊசி போட முடியும்."

பொடி என்ற வார்த்தையையே சொல்லிக் கேட்டார். தோளில் தொங்கிய பைக்குள், ஆடிச் சீரன்று வைத்த டப்பா அப்படியே இருந்தது. வேலம்மாள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மருந்தும் கிடையாது டாக்டர்" என்றேன்.

சாயங்காலம் இரண்டு நிமிடம் பார்க்க விட்டார்கள். நர்ஸ் திரும்பிய சமயம் டப்பாவைத் திறந்து ஒரு விரல் பொடி எடுத்துவிட்டேன். வாயில் குழாய் செருகியிருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். விடிவதற்குள் டாக்டர் அம்மா இன்னொரு தடவை வந்து தனியாகக் கூப்பிட்டுக்கூடக் கேட்டார். தனியாகக் கேட்டும் சொல்லவில்லை. ஏன் என்று நாலு நாளாக யோசிக்கிறேன். ஒரு தடவை இல்லை என்று சொன்னவன் எப்படி இருக்கிறது என்று மாற்றிச் சொல்வது என்பதுதான் அப்போது மனதில் ஓடியது. உள்ளே என் பிள்ளை செத்துக்கொண்டிருந்தாள், நான் என் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆவுடை என் பேச்சை நம்பாமல் முதல் பஸ் பிடித்து வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"சொன்னியளா?"

நான் குனிந்துகொண்டேன். அவள் என் தோளிலிருந்து பையை உருவி, டப்பாவை எடுத்து, வேலம்மாளைத் தாண்டி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே உள்ளே போனாள். "இதைத்தான் அஞ்சு மாசம் தின்னா. கல்யாணத்தன்னைக்கு நாங்கதான் நிப்பாட்டிட்டோம்" என்று அவள் சொன்னது வராந்தாவில் எல்லாருக்கும் கேட்டது. இருபத்தாறு வருடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஊசி போட்டார்கள். மூன்று மணி நேரத்தில் பிரஷர் ஏறியது. அவ்வளவுதான் விஷயம். ஒரு ஊசி.

ஜூலை 30

டாக்டர் அம்மா உட்கார வைத்து விளக்கினார். சுக்கு, திப்பிலியோடு ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறான் அந்த ஆள். சிறுநீரகத்துக்கு மேல் குல்லாய் மாதிரி ஒரு சின்னச் சுரப்பி உண்டு. காய்ச்சலோ அடியோ வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற சுரப்பு அதிலிருந்துதான் வர வேண்டும். வெளியிலிருந்து அள்ளிக் கொட்டியதும், இனி நமக்கு வேலை இல்லை என்று அது படுத்துவிட்டது. திடீரென்று பொடியை நிறுத்தியபோது உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அசதி, வாந்தி, மூட்டு வலி, மயக்கம் எல்லாம் அதுதான். காய்ச்சல் வந்ததும் ஆளையே சாய்த்துவிட்டது. கன்னம் பூரித்தது, கோடு விழுந்தது, தூரம் நின்றது, எழுந்திருக்க முடியாமல் போனது, எல்லாம் பொடி செய்த வேலை.

"நிறுத்துறதுன்னா மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தணும். கொடுத்தவனுக்கு அது தெரியும், அதான் நிப்பாட்டாதீங்கன்னு சொல்லியிருக்கான். இளைப்புக்கு அந்தப் பம்பு போதும் சார். அது ஒண்ணும் பெரிய வியாதி இல்ல. அதை வச்சுக்கிட்டு எத்தனையோ பேர் ஓடி ஆடி வேலை பார்க்கறாங்க."

பம்பு இன்னும் எங்கள் பரணில்தான் கிடக்கிறது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. சர்க்கரையும் பிரஷரும் நெடுநேரம் கீழே கிடந்ததால் மூளையில் கொஞ்சம் அடி பட்டிருக்கிறதாம். எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். "ராத்திரியே தெரிஞ்சிருந்தா" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

ஆகஸ்ட் 2

கோதை பேசுகிறாள். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் நீண்ட நேரம் ஆகிறது. ஸ்பூனைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று புரட்டிப் பார்க்கிறாள். மாப்பிள்ளை தினமும் வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறார், என்னோடு பேசுவதில்லை. ஆவுடையும் பேசுவதில்லை. வேலம்மாள் மட்டும் ஒரு தடவை பேசினார். கத்துவார், தெருவைக் கூட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். கத்தவில்லை.

"நோய் தப்பில்லன்னு அன்னைக்கே சொன்னேன்லா அண்ணாச்சி? பம்பு அடிக்கிற பிள்ளைன்னா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? எம் புருஷனும் அடிச்சவருதான்."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 6

ஞாயிறு. ஆஸ்பத்திரித் தராசில் கோதை 44 கிலோ 600. இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு அவள் வேலம்மாளின் சேலை முந்தியைப் பிடித்தாள். அந்த அம்மாள் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஆவுடையும் ஒரு மாதம் அங்கேயே தங்கப் போகிறாள், வேலம்மாள்தான் இருக்கச் சொன்னார். என்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

போகும் முன்னால் நர்ஸ் ஒரு அட்டை கொண்டு வந்தார். மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது, காய்ச்சலோ விபத்தோ என்றால் உடனே இந்த ஊசி போட வேண்டும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. இனி எங்கே போனாலும் கூடவே வைத்திருக்க வேண்டுமாம். பேர், வயது எல்லாம் எழுத நர்ஸிடம் பேனா இல்லை. சட்டைப் பையிலிருந்த என் பேனாவைத் திறந்து கொடுத்தேன். இந்த டைரி எழுதுகிற பேனாதான்.

"அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்? அப்பா பேரை எழுதிடவா?"

என் நம்பர் வாய் வரை வந்துவிட்டது. கோதை தலையை ஆட்டினாள். வார்த்தையைத் தேடினாள். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.

"வேண்டாம். அத்தை பேரு. அப்பாகிட்டக் கேட்டா... சொல்ல மாட்டாவ."

அவள் முகத்தில் கோபமே இல்லை. நர்ஸுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று சொன்ன மாதிரிதான் சொன்னாள். வேலம்மாள் தன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார். நர்ஸ் எழுதி முடிக்கும் வரை நான் பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.